வில்லா பார்க் மேடைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

வணக்கம்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், ஹெவி மெட்டல் இசைக்குழுவான பிளாக் சாபத்தின் தொடக்ககால நால்வரும் 2005க்குப் பிறகு மீண்டும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அதுவே கடைசி. கிட்டார் வாசிக்கும் டோனி ஐயோமிக்கும் டிரம்மர் பில் வார்டுக்கும் வயது 77, பாடகர் ஆஸி ஆஸ்பர்னுக்கு 76, பேஸ் கிட்டார் வாசிக்கும் கீஸர் பட்லருக்கு 76 ஆகச் சில நாள்களே பாக்கி. நான்கே பாட்டு. கைதட்டல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மடல் உங்களுக்கு.

முதல் வணக்கம் கிட்டார் டெக்குகளுக்கு, அதாவது கிட்டாரைச் சீர்செய்து தரும் தொழில்நுட்பக்காரர்களுக்கு. ஐயோமி 17 வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவதும் அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உறை செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். உறை போட்ட விரலுக்குக் கம்பி தட்டுப்படாது, அழுத்தம் கூடிவிடும். அதனால் மெல்லிய கம்பி; 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் மூன்று அரைச்சுரம் இறக்கிய சுருதி. அப்படி இறக்கினால் அதே கம்பியின் இழுவிசை சுமார் 70 சதவீதமாகிறது. விரலுக்குச் சுகம், டெக்குக்குத் தலைவலி. இழுவிசை குறைந்ததும் நெக் (கிட்டாரின் கழுத்து) பின்னால் சாயும், கம்பி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) மோதி இரையும். நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் தளர்த்தி நெக்குக்குக் கொஞ்சம் குழிவு கொடுத்து, பிறகு கம்பி உயரம் பார்த்து, கடைசியில்தான் 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தை, அங்கேயே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் சுரத்தோடு ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் துண்டை) நெக்கிலிருந்து தள்ளி வைக்கணும். இந்த வரிசை பிசகினால் முதலிலிருந்து ஆரம்பம். போதாததற்கு மேடை விளக்குச் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும்.

உடம்புக்குத் தக்கபடி கருவியைத் திருத்தியதில் பிறந்த ஓசை இது. வயதான கலைஞருக்காக மேடையில் செய்யும் ஏற்பாடுகளை முதுமைக்காகச் செய்த சமரசம் என்று முகம் சுளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மேடையில் இருப்பவர்களுக்கே தங்கள் ஓசையைக் கேட்கச் செய்யும் மானிட்டர் பொறியாளர்களே, உங்கள் வேலை அதைவிடக் கடினம் என்பது எங்கள் எண்ணம். தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020இல் சொன்ன ஆஸி, அரியணையில் அமர்ந்தே பாடினார். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்தால் வயிறு மடங்கி மூச்சு குறுகும். இந்த நோயில் குரலும் தணியும். தணிந்த குரலுக்கு மைக்கின் கெய்னை (ஒலிப் பெருக்கத்தை) ஏற்றினால் டிரம்மும் மைக்கில் புகும், ஒலிபெருக்கி ஓசை மைக்கிலேயே திரும்பிப் புகுந்து ஊளையும் கிளம்பும். மைக் உதட்டருகே இருக்கணும், தரையில் வைத்த மானிட்டர் ஒலிபெருக்கி அடங்கியிருக்கணும். கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது: அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் கணக்குப்படி 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபெல்லில் 15 நிமிடமே எல்லை.

டிரம் டெக்குகளுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும், அத்தனை இசைக்குழுக்களை ஒரே நாளில் ஏற்றி இறக்கிய மேடைத் தொழிலாளர்களுக்கும் நன்றி.

அதே ஜூலை 22 அன்று ஆஸி மறைந்துவிட்டார். கம்பி அளவு, நெக் குழிவு, மானிட்டர் கலவை எழுதிய தாள்கள் உங்கள் பெட்டிகளில் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு மேடை அமைக்கப்போகும் அடுத்த டெக்குக்கு அவை வேண்டும்.

இப்படிக்கு,
சாபத் ரசிகர்கள்