பர்ஃப் கோலாவும் பனியும்

தாராவி,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ சொன்னதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்பா பக்கத்திலேயே இருந்தார், குக்கர் வேறு கத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இலக்கிய வகுப்பில் நேரம் போவதே தெரியவில்லை, கல்வியியல் வகுப்பில் கொட்டாவி வருகிறது, பேசாமல் மைசூரில் பி.ஏ.வையும் பி.எட்.டையும் சேர்த்துப் படிப்பதை விட்டுவிட்டு பி.ஏ. ஆங்கிலம் மட்டும் படிக்கிறேன் என்கிறாய். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எங்கள் காலத்தில் பி.எட். ஒரு வருஷம். 2015-இல் அதை இரண்டாக்கினார்கள். பி.ஏ. மூன்று, பி.எட். இரண்டு, ஆக ஐந்து. உனக்கு இரண்டும் சேர்த்தே நான்கு வருஷம்தான், அதில் பாதியைத் தாண்டியும் விட்டாய். சரி, கணக்கு போதும். கணக்குக்காக யாரும் பிடிக்காததைப் படிக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் எடுத்தபோது, பனி பெய்வதைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. வருஷா வருஷம் அருஞ்சொற்பொருள், கருத்துச் சுருக்கம், கேள்வி பதில் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவேன். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "பர்ஃப் கோலாவுக்கு ஐஸ் சீவுவாங்களே, அது மாதிரியா டீச்சர் விழும்?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவனை அதட்டி உட்காரவைத்தேன். சாயங்காலம் தொண்ணூறு அடி சாலையில், சீவிய ஐஸில் கலர் சிரப் ஊற்றித் தரும் ஒரு கோலா வண்டி. சீவும் கட்டைதான் கொரகொரவென்றது. தூள் மட்டும் சத்தமே இல்லாமல் குவிந்துகொண்டிருந்தது. பாட்டில் இருந்ததும் அந்த அமைதிதான். அவனுக்கு அது பிடிபட்டிருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அதே பாட்டைத் திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. போர்ஷனை முடிக்க வேண்டுமே!

உனக்குக் கொட்டாவி வரவழைக்கும் அந்த சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி, பெலாரஸில் கோமெல் ஊரில் இலக்கியம் நடத்திய வாத்தியார், தெரியுமோ? 1925-இல் அவர் கொடுத்த ஆய்வேடு கலையின் உளவியலைப் பற்றியது, அதில் ஹாம்லெட்டும் வருகிறது. தனியாகச் செய்ய முடியாததைப் பக்கத்தில் ஒருவர் கைகொடுத்தால் பிள்ளை எதுவரை செய்யும் என்று அவர் பின்னால் எழுதியதை, ஒரு பயிற்சி முகாமில் நானும் நோட்ஸ் எடுத்திருந்தேன். அந்தப் பையன் எழுந்து நின்ற அன்று நோட்ஸ் பீரோவில் இருந்தது.

அப்புறம், நீ அனுப்பிய கட்டுரையை நான் இரண்டு தடவை படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894-இல்தான், ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்ற மெக்காலேயின் 1835 குறிப்புக்குப் பின் நம் நாட்டில் அது அதற்கு வெகுமுன்பே பாடமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். யாருக்கு, எதற்குச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியோடு இங்கே வந்து இறங்கிய பாடம் அது. அதை எழுதியவளே இலக்கியத்தையும் சொல்லிக்கொடுப்பதையும் பிரிக்கப் பார்த்தால் எப்படியடி?

பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போவாயே, பத்து நாள் பிள்ளைகள் முன்னால் நின்று பார். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் அப்பாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை லெசன் பிளான் எழுதினால் எனக்கும் ஒன்று அனுப்பு. சிவப்புப் பேனாவை எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா