பாட்டியின் கூறைப்புடவையைக் கேட்ட மகளுக்கு

சிங்கப்பூர்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். ஆடை வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டுக்காக நீ தைக்கவிருக்கும் ஆடைகளுள் ஒன்றுக்குப் பாட்டியின் கூறைப்புடவையைத் தர முடியுமா, அதை வெட்டி லண்டன் குளிருக்கு ஏற்ற ஒரு கோட்டு தைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு மன்னிப்பும் கேட்டிருக்கிறாய். அது தேவையே இல்லை. உன் மாமாவிடமும் சித்தியிடமும் பேசிவிட்டேன். மாமா தயங்காமல் சரி என்றார். சித்திக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா தாலி கட்டிக்கொண்ட புடவையில் கத்தரி படக் கூடாது என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதால் சில நாள் யோசித்தேன். வெட்டலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எதற்காக வெட்டுகிறாய், எந்த இடத்தில் வெட்டக் கூடாது என்ற இரண்டையும் தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புடவையை அலமாரியிலிருந்து எடுத்து, பாய் விரித்து, அதன்மேல் பழைய வேட்டியைப் போட்டு, முழு நீளத்துக்கும் பிரித்துப் பார்த்தேன். காஞ்சிபுரத்துப் பட்டு, அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை, கரையோரம் தாழம்பூ ரேக்கு. உடலும் கரையும் சேரும் இடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டே போவது தெரியும். அதுதான் கோர்வை. தறியில் ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையை, தள்ளிக் கொடுக்க, மூன்று நாடாக்கள் ஓடி உண்டாகும் இணைப்பு அது. தைத்து ஒட்டியது அல்ல. அதனால் புடவை நைந்தாலும் அந்த இணைப்பு விடாது என்று நெசவாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது சரிதான். உடலில் மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு இழை இழையாகப் பிரிந்து கிடக்கிறது. கோர்வை மட்டும் அப்படியே நிற்கிறது. வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசிய அந்தக் காலத்து ஜரிகை, நம் ஊர்ப் புழுக்கத்தில் கறுத்துவிட்டது. கொசுவம் தரையில் உரசும் கீழ்க்கரையில், நான்கு விரல் அகலத்துக்கு உன் பாட்டி இழையோட்டித் தைத்திருக்கிறார். கரையின் பச்சைக்குப் பொருந்தும் நூல் கிடைக்கவில்லை போலும். சற்று நீலம் கலந்த நூல். அதை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, ஒரு டிரங்குப் பெட்டியில் இந்தப் புடவையையும் இரண்டு நூல் சேலைகளையும் வைத்துக்கொண்டு, திருமணமான புதிதில் இந்த ஊருக்கு வந்தவர் அவர். இதையெல்லாம் நீ சிறு வயதில் கேட்டிருக்கிறாய். நீ கேட்டிருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேசில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அந்த வெள்ளைக் கட்டடம் 1860களில் எழுப்பப்பட்டது. 1980கள் வரை பிறப்பு இறப்புப் பதிவும் குடியுரிமையும் குடிநுழைவும் அங்கேதான் நடந்தன. உன் தாத்தாவும் பாட்டியும் குடியுரிமைச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றது அங்கேதான். பாட்டி அன்றைக்கு இந்தப் பட்டைத்தான் உடுத்திப் போனாராம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கும் புடவையை அரசாங்க அலுவலகத்துக்கு உடுத்திப் போவார்களா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்களாம். எந்த இடத்துக்கு எதை உடுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் 2020 முதல் துணிகளுக்கும் ஆடைகளுக்குமென்று ஒரு கூடம் இருக்கிறது. அங்கே நின்றபோதுதான் உனக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெளிவாயிற்று.

துணி வைத்திருக்கும் கூடத்தில் ஏன் எப்போதும் மங்கலான வெளிச்சம் என்று சின்ன வயதில் என்னைக் கேட்பாய். ஒளி பட்டால் சாயம் வெளுக்கும், இழை இற்றுப்போகும். போன நிறத்தை யாராலும் மீட்க முடியாது. அதனால் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது அரும்பொருளகங்களின் வழக்கம். சில மாதம் காட்சிக்கு வைத்துவிட்டு, நெடுங்காலம் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். மடிக்காமல் உருளையில் சுற்றி வைப்பார்கள். பொம்மையின் அளவுக்கு உடையை இழுத்து மாட்டாமல், உடையின் அளவுக்குப் பொம்மையைத் திருத்துவார்கள். இத்தனை ஆண்டுகளாகத் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் பிறருக்கு ரவிக்கை தைத்து வரும் எனக்கு இந்தக் கவனத்தின்மேல் மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் அப்படிக் காத்திராவிட்டால், நம் சோழமண்டலக் கரையோரத்துக் கைகள் செய்த வேலையில் பாதியை நாம் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டோம். ஆனாலும் உடம்பில் படும் வாய்ப்பை அந்தத் துணிகள் நிரந்தரமாக இழந்துவிட்டன. அது அவற்றைக் காப்பாற்றியதற்கு நாம் கொடுத்த விலை. நம் வீட்டுப் புடவைக்கும் அந்த விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் சோழமண்டலக் கரையின் பூத்துணியில் தைத்த பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய உடைகளைப் பார்த்துவிட்டுக் கோபம் வந்ததாக எழுதியிருந்தாய். கோபம் நியாயமானதே. அந்தத் துணி எப்படி உருவானது என்று நினைத்துப் பார். பருத்தித் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுத்து, படிகாரம் தடவிய இடத்தில் சாயவேரால் சிவப்பேற்றி, நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடி, மாதக்கணக்கில் செய்த வேலை. துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பின் நுட்பம் ஐரோப்பியர்களுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. அவர்களுடைய நெசவாளர்கள் எதிர்த்துக் கிளர்ந்ததால், பிரான்ஸ் 1686-இலும் இங்கிலாந்து 1721-இலும் தடையே போட்டன. தடையை மீறியும் மக்கள் உடுத்தினார்கள். டேவிட் காரிக் என்ற புகழ்பெற்ற நடிகருடைய மனைவியின் கட்டிலுக்காக வந்த பூத்துணித் திரைச்சீலைகளைச் சுங்கத்தார் 1775-இல் பறிமுதல் செய்தார்கள். அவை இன்றும் அந்த அரும்பொருளகத்திலேயே இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது தேடிப் பார்.

அங்கே போனால் கோபத்தோடு இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறேன். தையல்காரியாகப் பார். படுக்கை விரிப்புக்கென்று வரைந்த பெரிய மரத்தையும் பூங்கொடியையும் வெட்டி, பாவாடையாகவும் மேற்சட்டையாகவும் ஆக்கியவர்கள் உண்டு. எந்த இடத்தில் துணி போதாமல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், கொடி அறுந்துபோகாமல் தொடர எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால், தைத்தவள் அந்தத் துணியை எவ்வளவு அருமையாக நினைத்திருக்கிறாள் என்பது புரியும். சுலாவேசித் தீவின் தொராஜா மக்களோ, கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றாக இந்தியாவிலிருந்து வந்த துணிகளை வெட்டாமல் தலைமுறை தலைமுறையாகப் பொத்தி வைத்துச் சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தார்கள். உன் சித்தி தொராஜாக்காரி. நீ மேற்சட்டை தைத்தவளின் கட்சி. இரண்டுமே துணியை மதிப்பதுதான் என்று சித்தியிடம் சொன்னேன். அவள் முழுவதும் சமாதானமாகவில்லை, ஆனால் அழுகையை நிறுத்தினாள்.

இனி, உன் கோட்டைப் பற்றி. நீ அனுப்பிய வரைபடத்தில் கரை முழுவதும் முன்பக்கம் வருகிறது, முந்தானை முதுகில் தொங்குகிறது, கழுத்தில் ஜரிகை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் ஒரு தடவை நடந்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் போகும் உடை அது. நம் ஊரின் அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. தொலைவில் இருப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு வருவது இயல்பு. யாரேனும் நம்மைத் தவறாகப் புரிந்துகொள்வதற்கு முன்பே நாமே எல்லாவற்றையும் எடுத்து முன்னால் பரப்பிவிடுகிறோம். நீ அப்படிச் செய்ய வேண்டியதில்லை, கண்ணு. அங்கே யாருக்கும் நீ நிரூபிக்க வேண்டியது எதுவுமில்லை.

தேசியக் கலைக்கூடத்தில் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் வரைந்த தன்னுருவ ஓவியம் இருக்கிறது. நீ பள்ளியில் படிக்கும்போது நாம் சேர்ந்து பார்த்தோம். மிகச் சிறிய ஓவியம், நெருங்கி நின்றால்தான் பார்க்க முடியும். 1906-இல் பிறந்து, பாரிசிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்று, 1950களில் சிங்கப்பூர் வந்து, நன்யாங் நுண்கலைக் கழகத்தில் நீண்ட காலம் கற்பித்து, 1993-இல் இங்கேயே மறைந்தவர். வந்த ஊரில் கண்ணெதிரே இருந்ததை வரைந்தார்: ரம்புத்தான், மங்குஸ்தான், அக்கம்பக்கத்து முகங்கள். மலாயும் கற்றுக்கொண்டார். எங்கிருந்து வந்தோம் என்பது அவருடைய தூரிகைப் பூச்சிலேயே இருந்தது. அதைத் தனியாக எடுத்து மாட்டிக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இங்கே பிறந்து பாரிசில் பல ஆண்டுகள் தொழில் நடத்திய ஆடை வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ ஜின், தாம் வடிவமைத்த ஆடைகளின் பெருந்தொகுப்பை ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குக் கொடையாகத் தந்தார். 2023-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது நானும் போனேன். எம்பிராய்டரியை எல்லாரும் வியந்தார்கள். எனக்கு அதைவிட, தோள்கள் உட்கார்ந்திருந்த விதம் பிடித்தது. அந்த உடைகளைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கையைத் தூக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே, நீ அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சுரங்க ரயிலில் போக வேண்டும். மழை பெய்தால் பதறக் கூடாது. வெளியே நல்ல கம்பளித் துணி வை. பட்டுத்துணியை உள்ளே வை. குளிரில் உடம்புக்கு நெருக்கமாக இருக்க வேண்டியது பட்டுதான், அதன் நைந்த இழைக்கும் அங்கேதான் பாதுகாப்பு. கரையில் ஒரு சிறு துண்டு மட்டும், கோர்வை இணைப்போடு சேர்த்து, கழுத்துப் பட்டையின் அடிப்பக்கத்தில் வரட்டும். பட்டையை நிமிர்த்தினால் பச்சையும் சிவப்பும் தெரியும். இல்லையென்றால் உனக்கு மட்டும் தெரியும். உன் ஆசிரியர்கள் இதைவிட ஆடம்பரமாகக் கேட்கலாம். அவர்களுக்கு மறுமொழி சொல்லும் அளவுக்கு உனக்குத் தொழில் தெரியும்.

வெட்டக் கூடாதவை இரண்டு. முந்தானையில் கை வைக்காதே. அதை முழுதாக எடுத்துச் சித்திக்கு அனுப்பிவிடு. அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாட்டி இழையோட்டிய இடத்தையும் பிரிக்காமல், அப்படியே உள்பக்கம் பாக்கெட்டுக்கு மேலே வரும்படி வை.

பாட்டியின் கல்யாண ரவிக்கையை நான் அனுப்பப் போவதில்லை. கையால் தைத்தது, புட்டாக் கை, முன்பக்கக் கொக்கி. பக்கவாட்டு உள்தையலில் இரண்டு விரல் துணி விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று பழைய தையல் தடங்கள் ஊசித் துளைகளாகத் தெரிகின்றன. மாமா, நான், சித்தி என்று பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அவர் பிரித்துவிட்ட தடங்கள் அவை. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் இதைக் காட்டி, அவர்களுக்குப் பயன்படுமா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். இருட்டில் வைத்துக் காக்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். உனக்கு மறுப்பு இருந்தால் எழுது. உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

புடவையை மடிக்காமல், அட்டை உருளையில் வெள்ளை மல் துணியோடு சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் நண்பர் அடுத்த மாதம் லண்டன் வருகிறார். தபாலில் போட மனமில்லை, அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வந்ததும் உடனே கத்தரியை எடுக்காதே. முதலில் காடாத்துணியில் ஒரு கோட்டு தைத்து, போட்டுப் பார்த்து, முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பு. கைத்துளை உனக்கு எப்போதும் இறுக்கமாகவே வருகிறது. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளவெடு. பட்டுத்துணியை வெட்டும் முன், வாயில் (voile) என்னும் மெல்லிய துணியைப் பின்னால் வைத்துக் கையால் ஓட்டிக்கொள். பசை தடவிய துணியை இஸ்திரி போட்டு ஒட்டாதே, பழைய பட்டு அந்தச் சூட்டைத் தாங்காது. மடிப்பு விழுந்த கோடுகளை ஒதுக்கிவிட்டு வடிவங்களைப் பரப்பு. ஓவர்லாக் வேண்டாம். உள்தையலில் இரண்டு விரல் துணி விட மறக்காதே.

அன்புடன்,
அம்மா