பீக்கனை உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் நம் பிள்ளைகள் சிறிய விமானமும், இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடரும் ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பயிற்சிச் செலவு, மருத்துவச் சான்று என்று எல்லாம் விவரமாக இருந்தது. விழுந்தால் எங்கே கிடக்கிறோம் என்று சொல்லும் பீக்கனைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மகாலீஸ்பர்க் பக்கம் கிளைடர் ஓட்டுகிறவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய கருவியை வாங்கிவிடாதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. அந்தப் பக்கமாகப் பறக்கும் யார் காதிலாவது விழுந்தால்தான் உண்டு. 406 மெகாஹெர்ட்ஸ் கருவியாக, அதிலும் ஜி.பி.எஸ். உள்ளதாக வாங்குங்கள். ஜி.பி.எஸ். இல்லையென்றால் மீட்புக் குழு சில கிலோமீட்டர் சுற்றித் தேட வேண்டியிருக்கும். டிராகென்ஸ்பர்க் மலை இடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை மணி நேர வேலை என்று தெரியும்.

விமானத்திலேயே பொருத்தும் பீக்கனான ஈ.எல்.டி., மோதிய வேகத்தில் தானாகவே இயங்கும். பைலட் நினைவிழந்து கிடந்தாலும் சிக்னல் போகும். அது பெரிய பலம்தான். ஆனால் ஆன்டெனா முறிந்தாலோ தீப்பிடித்தாலோ அவ்வளவுதான். 2007 செப்டம்பரில் நெவாடாவில் கிளம்பிய அமெரிக்க சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட்டின் விமானத்தில் ஈ.எல்.டி. இருந்தும் சிக்னல் வரவில்லை. உடைந்த பாகங்கள் கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. கிளைடரில் இன்னொரு சிக்கல் உண்டு. கார்பன் ஃபைபர் உடல் ரேடியோ அலையை மறைக்கும் என்பதால், ஆன்டெனாவை எங்கே வைப்பது என்பதே தலைவலி. அப்புறம், பாராசூட்டில் குதித்துவிட்டால் ஈ.எல்.டி. கிளைடரோடு போய்விடும், நீங்கள் வேறொரு மலைச்சரிவில் கிடப்பீர்கள்.

அதனால் கிளைடர் பைலட் முதலில் வாங்க வேண்டியது, ஆளே உடம்போடு வைத்துக்கொள்ளும் பீக்கனான பி.எல்.பி. என்பதே என் கருத்து. கைக்குள் அடங்கும். பாராசூட்டின் தோள்பட்டையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். இருக்கைக்குப் பின்னால் பைக்குள் போட்டு வைக்காதீர்கள். சுருட்டி வைத்திருக்கும் பட்டை ஆன்டெனாவை விரித்து, வானம் தெரியும் இடத்தில் நிமிர்த்திப் பிடித்து, பொத்தானை அழுத்த வேண்டும். ஜி.பி.எஸ். இருக்கும் பகுதியைக் கை மறைக்கக் கூடாது. பேட்டரி குறைந்தது 24 மணி நேரம் தாங்கும். ஒரு கையால் இதைச் செய்ய முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மற்றக் கை முறிந்திருக்கலாம். பி.எல்.பி. தானாக இயங்காது, எனவே பயணிகளோடு தூரம் போகும் இன்ஜின் விமானத்துக்கு இரண்டுமே வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவருக்கும் இயக்கக் கற்றுக்கொடுங்கள்.

லண்டனிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பீக்கன் விஷயத்தில் அது வேண்டாம். ஒவ்வொரு பீக்கனுக்குள்ளும் நாட்டுக் குறியீடு பதிந்திருக்கும், தென்னாப்பிரிக்காவுக்கு 601. வேறு குறியீடு இருந்தால் உங்கள் விவரத்தைத் தேடி அந்த நாட்டைக் கேட்க வேண்டிவரும். இங்கேயே வாங்கி, இங்கேயே பதிவு செய்யுங்கள். தவறுதலாகப் பொத்தான் அழுந்திவிட்டாலும் பதிவிலுள்ள எண்ணுக்கு முதலில் போன் வரும், ஹெலிகாப்டர் வீணாகக் கிளம்பாது. வீடு மாறினாலும் எண் மாறினாலும் பதிவையும் மாற்றுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சரும் நல்லதுதான், ஆனால் அதற்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். விமான நிலையத்திலேயே பிடித்துவைப்பார்கள்.

பீக்கனைப் பதிவு செய்யும் முறையையும் படிவம் கிடைக்கும் இடத்தையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், புதிதாகப் பறக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர், மிட்ராண்ட்