சோழனுக்கு ரோஸ் பவுடர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் (நம் இன்றைய கெடாவின்) மீது படையெடுத்ததை வைத்து எங்கள் பீடோங் பக்கம் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளியிலும் நாடகம் போடுகிறார்கள். பழைய கடாரத்தின் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது, ஆர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்! வசனத்துக்கும் உடைக்கும் நிறையவே மெனக்கெடுகிறார்கள். ஒப்பனை என்று வந்தால் மட்டும் கைக்குக் கிடைத்த ரோஸ் பவுடர்தான். அண்மையில் பார்த்த ஒரு நாடகத்தில் மன்னரின் முகம் வெளுத்திருந்தது. வாளை ஓங்கிய கையும் கழுத்தும் மாநிறம். அந்தப் பையன் உயிரைக் கொடுத்து நடித்தான், அதனால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

சோழர் காலத்து மனிதர்களை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட பாதையில் அந்தக் காலத்து ஓவியமே இருக்கிறது. நாயக்கர் காலத்தில் அதன்மேல் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதில் பொன்னிறமும் உண்டு, நல்ல மாநிறமும் உண்டு. காது மடல் நீண்டு தொங்குகிறது. ஆண்களும் முடியைக் கொண்டையாக முடிந்திருக்கிறார்கள். திரிபுரம் எரிக்கும் சிவனின் முகத்தைப் பாருங்கள்: அகலத் திறந்த கண், அதற்குமேல் வளைந்த புருவம். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கோபம் போய்ச் சேர அந்த இரண்டு கோடு போதும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. மேடை விளக்கு நிறத்தை வெளுத்துக் காட்டும். அதனால் நடிகரின் நிறத்தைவிட ஒரு படி அழுத்தமான பேன்கேக்கை, அதாவது நீர் தொட்டுப் பூசும் ஒப்பனைக் கட்டியை எடுத்து, காது, கழுத்து, கை என்று வெளியே தெரியும் இடமெல்லாம் ஈரப் பஞ்சால் பூச வேண்டும். கன்ன எலும்புக்குக் கீழே அடர்பழுப்பு, மேலே லேசான மஞ்சள். தோல் நிறத் துணியை மெல்லிய வளையமாகத் தைத்துக் காதில் மாட்டி, அதில் குண்டலத்தைக் கோத்தால் நீண்ட காது வந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, பூசுவதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் முகத்தை ஒற்றி எடுத்து, கடைசியில் நிறமில்லாத பவுடர் போட்டால் தாங்கும். அப்புறம், மரபு என்று சொல்லி அரிதாரம் என்ற மஞ்சள் கல்லை அரைத்துப் பிள்ளைகள் முகத்தில் பூசிவிடாதீர்கள். அதில் ஆர்சனிக் இருக்கிறது.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரின் நிறம் அந்தச் சுவரிலும் இருக்கிறது. ராஜா வேஷம் போட வந்த பிள்ளையின் முகத்தில் முதல் வேலையாக வெள்ளையை அப்பினால், அவன் நிறம் ராஜாவுக்கு ஆகாது என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். எனக்கு அது ஒப்பவில்லை.

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தத் தஞ்சை ஓவியங்களை ஒருமுறை வண்ணத்தில், முகம் தெளிவாகத் தெரியும் அளவில் போடுங்கள் ஐயா. எங்கள் ஒப்பனைப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கோயில் நாடகக் குழு ஒப்பனையாளர்,
பீடோங், கெடா