புராஸ்டேட் மாத்திரை: முதல் நாளே சொல்லவேண்டியது

ஆசிரியருக்கு,

நீர் போவதைத் தடுக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஆண்களில் சிலர் யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிடுகிறார்கள். உறவின்போது விந்து வரவில்லை என்பதே பலருக்குக் காரணம். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். ‘ஆண்மை போய்விட்டது’ என்று பயந்து, லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். மாத்திரை நின்ற சில நாளிலேயே நீர்த்தாரை மெலியத் தொடங்கும். அந்த நிலையில் சளிக்கு ஒரு அவில் போட்டால்கூட நீர் முழுதாக அடைத்து, டியூப் போடும்படி ஆகலாம்.

நடப்பது இதுதான். டாம்சுலோசின் 0.4 மி.கி., சிலோடோசின் 8 மி.கி. ஆகியவை புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. நீர் தாராளமாகப் போவது அதனால்தான். விந்தைத் தள்ளும் தசைகளும் அதே மருந்தில் தளர்கின்றன. எனவே விந்து குறைகிறது, அல்லது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய், அடுத்த முறை நீரோடு கலங்கலாக வெளியேறுகிறது. உடம்புக்கு இதனால் கேடில்லை. விறைப்பும் பொதுவாகக் குறைவதில்லை. குழந்தைக்கு முயல்பவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும். அமெரிக்க ஆய்வுகளில் சிலோடோசின் எடுத்தவர்களில் 100-க்கு 28 பேருக்கும், டாம்சுலோசின் 0.4 எடுத்தவர்களில் சுமார் 8 பேருக்கும் இப்படி ஆனது. அல்பூசோசின் 10 மி.கி.யில் இது மிகவும் அரிது. ஆகவே மாத்திரையை நிறுத்தவேண்டாம், மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாலே போதும். ‘ஆபரேஷன் செய்துவிட்டால் சரியாகும்’ என்று நினைப்பதும் தவறு. உள்ளே கருவி விட்டுச் சுரண்டியெடுக்கும் அறுவையில் பெரும்பாலோருக்கு விந்து பின்னோக்கிப் போவது நிரந்தரமாகிவிடுகிறது.

பினாஸ்டரைடு 5 மி.கி., டூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. வேறு ரகம். இவை ஆண் ஹார்மோனின் வீரியமான வடிவம் உருவாவதைத் தடுத்துச் சுரப்பியையே சுருக்குகின்றன; பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். ஆசை குறைவதும் விறைப்புக் குறைவதும் இவற்றில்தான். பினாஸ்டரைடு ஆய்வில் முதல் ஆண்டில் விறைப்புக் குறைவு 100-க்கு 8 பேருக்கு வந்தது; ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சுமார் 4 பேருக்கு வந்தது. நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. மனச்சோர்வு தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். டாம்சுலோசினும் டூட்டாஸ்டரைடும் சேர்ந்த ஒரே காப்ஸ்யூல் இப்போது நிறைய எழுதப்படுகிறது. அதில் தொல்லை வந்தால் எந்த மருந்தால் என்று நோயாளி கேட்கவேண்டும். புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்யும்போதும் பினாஸ்டரைடோ டூட்டாஸ்டரைடோ சாப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்தில் அந்த எண் பாதியாகக் குறைவதால், இரட்டிப்பாக்கித்தான் பார்க்கவேண்டும். இல்லையேல் புற்றுநோய் இருப்பது தெரியாமல் போகலாம்.

விறைப்புக்காக டடலாபில் 5 மி.கி.யைத் தானே வாங்கிப் போடுவதுதான் மிக ஆபத்து. நீர்த் தொல்லைக்கே டாக்டர்கள் எழுதும் மாத்திரைதான் அது. ஆனால் நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போடுபவர் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரிந்துவிடும். டாம்சுலோசினோடு சேர்ந்தாலும் தலைசுற்றும். இந்த மாவட்டத்தில் பனை, தென்னை ஏறுபவர்களும், விடியுமுன் ரப்பர் பால் வெட்டுபவர்களும், வள்ளத்தில் போகிறவர்களும் இந்த மாத்திரைகளைத் தொடங்கும் முதல் சில நாள் ஏற்றத்தையும் கடலையும் தவிர்ப்பது நல்லது. டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துப் போடவேண்டும். கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரிடமும் சொல்லவேண்டும். இந்த மருந்து கண்ணின் பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸ் திரையைத் தளரச் செய்யும்.

இத்தனையையும் நோயாளிக்குச் சொல்ல முடியாவிட்டாலும், ‘விந்து குறையலாம், பயப்படாதீர்கள், நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள்’ என்பதை முதல் சீட்டு எழுதும் டாக்டர் சொல்லட்டும். கடையில் நாலு பேர் நிற்கும்போது மருந்தாளுநர் வாய்விட்டுச் சொல்வது கஷ்டம். சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

மருந்தாளுநர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.