அந்தமானுக்குப் போனவரைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

பேரன்புடையீர், வணக்கம்.

தாது வருஷப் பஞ்சத்தில் தானிய வண்டியை மறித்த கூட்டத்தில் ஒருவராக இருந்து, தீவாந்தர தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்ட என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி, "போனவர் போனவர்தான்" என்பதற்குமேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஐந்து ஆண்டுத் தேடலுக்குப் பின் இன்று தெரிகிறது. அதற்கு நீங்கள்தான் காரணம் என்பதால், சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பணியாளர்களுக்கு முதல் நன்றி. தொட்டால் உதிரும் தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து, 1877ஆம் ஆண்டுச் சேலம் வழக்குக் குறிப்பு கிடைக்கும்வரை நீங்கள் முகம் சுளிக்கவில்லை. சேர்வராயன் 'ஷெவராய்' ஆனதுபோல எங்கள் ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் மூன்று விதமாகத் திரிந்திருந்ததை, உரக்கப் படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தவரும் உங்களில் ஒருவரே.

சேலம் நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அக்குறிப்பிலிருந்த 395 என்ற சட்டப் பிரிவு எண்ணுக்குப் பொருள் சொன்னார். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது கூட்டுக்கொள்ளை, அதற்கு ஆயுள் முழுதும் நாடு கடத்தவும் அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. கேழ்வரகு மூட்டை ஏற்றிய வண்டியைப் பசித்தவன் ஒருவனாகப் போய் மறிக்க முடியாது, பத்துப் பேராகப் போனாலோ சட்டம் அவர்களைக் கொள்ளைக்கூட்டம் என்றது. இதை அவர் விளக்கிய அன்றுதான், சிறு வயது முதல் "கொள்ளைக்காரர் வம்சம்" என்று கேட்டு வளர்ந்த எங்கள் மனம் ஆறியது.

அந்நாளில் அந்தமானில் கைதிகளின் கழுத்தில் மரவில்லை ஒன்று தொங்கும். கைதி எண், சட்டப் பிரிவு, தண்டனை நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயரை விட்டுவிட்டு அந்தக் கைதி எண்ணைப் பின்தொடருங்கள் என்று போர்ட் பிளேரிலிருந்து எழுதிய நண்பரின் சொல்லே எங்களுக்கு வழி திறந்தது. அவரும் கைதிகளின் வழிவந்தவர். ஜப்பானியர் ஆட்சிக்காலமான 1942 முதல் 1945 வரை அங்கிருந்த ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோனதால், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள போர்ட் பிளேர் கோப்புகளை எங்களுக்காகப் பல வாரம் புரட்டிய ஆய்வு மாணவிக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த மாணவி அனுப்பிய ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு கடந்தபின், சொந்தமாகப் பயிரிட்டுப் பிழைக்க அனுமதி பெற்ற என் கொள்ளுத்தாத்தா, ஊரிலிருக்கும் மனைவியைத் தம்மிடம் அனுப்பிவைக்குமாறு மனு கொடுத்திருக்கிறார். அதன் ஓரத்தில், சேலத்திலிருந்து வந்த பதில் ஒரே வரியில் பதிவாகியிருக்கிறது: மனைவிக்கு வர விருப்பமில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த என் அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமலிருந்த அவர், "எங்க அப்பாயிகிட்ட யாருடா வந்து கேட்டாங்க? கேட்டிருந்தா அன்னிக்கே நடந்தே போயிருக்குமே" என்றார். கணவர் உயிரோடு இருப்பார் என்று நம்பிச் சாகும்வரை தாலியைக் கழற்றாதவர் அந்த அப்பாயி, என் கொள்ளுப்பாட்டி.

மனு கொடுத்த நான்காம் ஆண்டில், காய்ச்சலில் கொள்ளுத்தாத்தா இறந்திருக்கிறார். இறந்த நாள் தெரியாததால் இதுவரை அவருக்கு நாங்கள் திதி கொடுத்ததில்லை. வரும் தை அமாவாசையன்று முதன்முறையாக அவருக்கும் அப்பாயிக்கும் சேர்த்துப் படையல் போடுகிறோம். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைக்க வேண்டும் என்பது அத்தையின் விருப்பம். நீங்கள் அனைவரும் வந்திருந்து எங்களோடு பந்தியில் அமர வேண்டுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
அவருடைய கொள்ளுப்பேரன்