கதவடைக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1991-இல் பகுதிநேர நிருபராகச் சேர்ந்து, குமரி மாவட்டத்து அரசியல் செய்திகளை எழுதிவந்த நான், அண்மையில் பணியிலிருந்து விடைபெற்றேன். மார்த்தாண்டத்தில் நீங்கள் கூட்டிய பாராட்டுக் கூட்டத்தில் தொண்டை அடைத்துக்கொண்டதால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா, தமிழர் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தொண்டர். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்திய 1954 ஆகஸ்ட் 11 அன்று, புதுக்கடைக் கூட்டத்தில் நின்றவர். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய 4 தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. பின்னாளில் எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியம் வந்தபோது, பக்கத்தில் நின்றவன் செத்துக்கிடக்க எனக்கு எதற்குப் பணம் என்று அவர் மனுவே போடவில்லை. (அம்மை அதற்காகக் கடைசிவரை முணுமுணுத்தாள்.) அப்பா முந்திரி ஆலைப் பெண்களின் சங்கத்துக்காக அலைந்தவர்.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுவான் என்று ஊர் நினைத்ததில் தவறில்லை. ஆகவே என் முதல் நன்றி அப்பாவின் சங்கத் தோழர்களுக்கு. சங்கக் கணக்கில் இருந்த குழப்பத்தை நான் செய்தியாக்கியதும், அவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஏசினார்கள். பிறகு கட்டன்சாயா குடித்துவிட்டு, அடுத்த செய்தியையாவது ஒழுங்காக எழுது என்று வரவு செலவு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா 2 மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் பேப்பர் வாங்குவதை நிறுத்தவில்லை.

படச்சுருளும் கையெழுத்துப் பிரதியும் அடங்கிய கவரைத் திருநெல்வேலிக்குச் சுமந்த பேருந்து நடத்துநர்களுக்கும் நன்றி. அச்சான செய்தியைச் சென்டிமீட்டரில் அளந்து எனக்குக் கூலி கொடுத்தார்கள்; உங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்த நாட்களை என்னால் கடந்துபோக முடியவில்லை. தூத்தூர் வட்டார மீனவர்களில் பலர் கொச்சியிலிருந்து புறப்பட்டு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள் என்பதால், காணாமற்போனவர்களின் கணக்கு இரு மாநிலங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தது. தாத்தாவின் தலைமுறை உயிரைக் கொடுத்து வாங்கிய எல்லைக்கோடே அந்த வாரம் குறுக்கே நின்றதை, சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதினேன். வீடுவீடாக ஏறித் தொகுத்த பெயர்ப்பட்டியலை நம்பி என்னிடம் தந்த தேவாலயப் பங்கு மக்களுக்கும், படகின் பெயரை நான் தவறாக எழுதியதை அழுகைக்கு நடுவிலும் திருத்திச் சொன்ன வள்ளவிளைத் தாய்க்கும் கைகூப்புகிறேன்.

கடைசியாக, நான் வேலைபார்த்த ஒரு நிறுவனம் 5 மாதம் சம்பளம் தராத காலத்தில், முகம் சுளிக்காமல் அரிசி அளந்த காப்புக்காட்டு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. பற்று நோட்டில் இன்னும் 340 ரூபாய் நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊர் நிருபர்